டாங்கிள் போனால் புத்தகமும் போகுமா?

போன பொங்கலுக்கு ஊருக்கு (பெண்ணாடம்) போயிருந்தபோது மாமா ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைக் கையில் கொடுத்தார். "டேய், இதுல வாத்தியார் புக்கு இருக்கு. எடுத்துக் குடுக்க முடியுமா பாரு. எங்கிட்ட இருந்த மெஷின் எல்லாம் போயிடுச்சு" என்றார். அந்த ஒரு வேலை கிட்டத்தட்ட 2 மாசம் இழுத்தது. அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால் இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்றுதான் இந்தக் கட்டுரை. கூடவே, மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுக்கணும் என்று எனக்கு இருந்த கருத்தும் இந்த வேலையில் கொஞ்சம் மாறியது. அதையும் சொல்கிறேன்.

மாமா 1999 முதல் 2014 வரை பெண்ணாடத்தில் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் காரியப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், ரசீது புத்தகம், இதுதான் தொழில். 2003-ல் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருத்தர் ஊர் வரலாறு எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். தூங்கானை மாடக் கோயில் (கருவறைக்கு மேலே விமானம் யானை படுத்திருக்கிற மாதிரி இருக்கும்), மெய்கண்டார், கலிக்கம்ப நாயனார், பெண்-ஆ-கடம் என்று ஊர்ப்பெயருக்குச் சொல்லும் கதை, வெள்ளாற்று வெள்ளம், சுற்றுப்பட்டுக் கிராமங்களில் அவர் கேட்டு எழுதிய செய்திகள். மொத்தம் 144 பக்கம், 11 அத்தியாயம். 300 பிரதி அடித்தார்கள். எல்லாமே கொடுத்துத் தீர்ந்துவிட்டது.

வாத்தியாருக்கு இப்போது 84 வயசு. இரண்டாம் பதிப்பு போடணும் என்கிறார். ஏன் என்று கேட்டேன். "நன்றியுரையில ஒரு பேரு விட்டுப்போச்சு தம்பி" என்றார். அவரோடு சைக்கிளில் கிராமம் கிராமமாக வந்து கேட்டு எழுதிய நண்பர் ஒருத்தர். கையெழுத்துப் பிரதியில் பெயர் இருந்திருக்கிறது. தட்டச்சில் ஒரு வரி விழுந்துவிட்டது, புரூஃபில் யாரும் பார்க்கவில்லை. "ரெண்டாவது பதிப்புல போட்டுடலாம்டான்னு அவன்கிட்ட சொன்னேன். அவன் போய்ச் சேந்துட்டான். நான் இருக்கேன்." இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கோப்பு இருக்கு, புத்தகம் இல்லை

ஹார்டு டிஸ்க் ஐ.டி.ஈ. வகை. யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கிச் செருகினால் நல்ல வேளையாகச் சுழன்றது. பேஜ்மேக்கர் 6.5-ல் செய்த கோப்புகள், அத்தியாயத்துக்கு ஒன்றாக 11. அதில் 2 கெட்டுப்போயிருந்தன. மீதி 9 இருந்தன.

ஆனால் கோப்பு இருப்பது வேறு, எழுத்து இருப்பது வேறு. பேஜ்மேக்கர் 1985-ல் ஆல்டஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. 1994-ல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. 2001-ல் வந்த 7.0 தான் கடைசிப் பதிப்பு. அதற்குப் பிறகு அவர்களுடைய கவனம் இன்டிசைனுக்குப் போய்விட்டது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, தொழில் அப்படித்தான். இரண்டாவது சிக்கல்தான் பெரியது. மாமா தமிழ் தட்டச்சு செய்தது தனியாக விலைக்கு வாங்கிய ஒரு தமிழ் மென்பொருளில். (பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் அந்த மாதிரி பல இருந்தன.) அது ஓட வேண்டுமானால் பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் ஒன்று செருகியிருக்கணும். டாங்கிள் எங்கே போனது என்று மாமாவுக்கே தெரியவில்லை. இருந்தாலும் பிரிண்டர் போர்ட் உள்ள கணினி இல்லை. கணினி இருந்தாலும் விற்ற நிறுவனம் இல்லை.

ஆக, வாத்தியார் எழுதியது, மாமா அடித்தது, காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். ஆனாலும் 20 வருஷம் கழித்து ஒரு வரி சேர்க்க முடியவில்லை. இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது.

பழைய தமிழ் எழுத்துருக்கள் எப்படி வேலை செய்தன?

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன எழுத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படிக்க முடியும். பழைய முறையில் மொத்தம் 256 இடம். அதில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டது. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. அதனால் எழுத்தை உடைத்தார்கள். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி என்று துண்டுகளாக வைத்து, ஒட்டிப் படித்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

எந்தத் துண்டு எந்த இடத்தில் என்பதை ஒவ்வொருத்தரும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பரவலாக இருந்த பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "தமிழ்" என்று தெரிவது உண்மையில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே கிடையாது. ஜே என்ற எழுத்துக்கு "த" என்று முகமூடி போட்டிருக்கிறது. முகமூடி (எழுத்துரு) இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்து ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பழைய மின்னஞ்சல்களில் எல்லோரும் பார்த்ததுதான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயற்சிகள் நடந்தன. உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டேம், டேப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இன்னொரு பக்கம் 1991-ல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார்கள். அது இந்திய அரசின் இஸ்கி குறியீட்டின் அடிப்படையில் வந்தது. உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் தராதது சரியா தப்பா என்ற சண்டை ரொம்ப நாள் நடந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யுனிகோடையும், எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. நடைமுறையில் ஜெயித்தது யுனிகோடுதான். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பதும் அதில்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. டிஸ்கி இன்று யாரும் எழுதப் பயன்படுத்துவதில்லை. அது செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் டிஸ்கியில் எழுதியது சாகவில்லை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் பழைய குறியீடுகளில்தான் நூல்களை வெளியிட்டது. பிறகு அவற்றை யுனிகோடுக்கு மாற்றினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை எல்லோருக்கும் திறந்து கிடந்தது. மாமாவின் மென்பொருளுக்கு அந்த அட்டவணை அந்த நிறுவனத்தின் அலமாரியில் இருந்தது. அலமாரியோடு போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்த மென்பொருள்

கோப்பைத் திறக்க என்னிடம் பேஜ்மேக்கர் இல்லை. தேடியபோதுதான் லிப்ரெஆஃபீஸே அதைத் திறக்கும் என்று தெரிந்தது. 2014-ல் டாக்குமென்ட் லிபரேஷன் புராஜெக்ட் என்று ஒன்றை ஆரம்பித்து, கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களை ஒவ்வொன்றாக உடைத்துப் படிக்கும் நிரல்களை எழுதி வருகிறார்கள். பேஜ்மேக்கருக்கும் ஒன்று எழுதினார்கள். அது லிப்ரெஆஃபீஸில் சேர்ந்துவிட்டது. ஒரு நிறுவனம் நிறுத்திவிட்ட சரக்கின் கோப்பைத் திறப்பதால் யாருக்கு லாபம்? யாருக்கும் இல்லை. ஆனாலும் இவர்கள் செய்தார்கள்.

இதில் எனக்குச் சொந்தமான ஒரு வேடிக்கையும் இருக்கு. நான் பிளஸ் டூ படித்தது 2006-07. கணினி அறிவியல் பாடப்புத்தகத்தின் முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆஃபீஸ், இரண்டாம் தொகுதி சி++. ஸ்டார் ஆஃபீஸ் என்றால் எங்களுக்குச் சிரிப்பு. வெளியில் எல்லா சென்டரிலும் எம்.எஸ். ஆஃபீஸ் சொல்லிக்கொடுக்கும்போது நமக்கு மட்டும் ஏன் யாருக்கும் தெரியாத ஒன்று என்று கடுப்பு. "வேலைக்கு ஆகாத பாடம்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த ஸ்டார் ஆஃபீஸின் கதையைப் பாருங்கள். ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் செய்தது. 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000-ல் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள், ஓப்பன் ஆஃபீஸ் பிறந்தது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. அதே வருஷம், இனி இது எங்கே போகுமோ என்று கவலைப்பட்ட நிரலாளர்கள் மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ரெஆஃபீஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். மூன்று முதலாளி மாறியும் பொருள் பிழைத்தது. 17 வயசில் நான் கேலி செய்த மென்பொருளின் பேரப்பிள்ளைதான் 2003-ம் வருஷத்துப் பேஜ்மேக்கர் கோப்பை எனக்குத் திறந்து காட்டியது. பேஜ்மேக்கரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தரத்தில் இல்லை. பேஜ்மேக்கர் தன் காலத்தில் அருமையான மென்பொருள். வித்தியாசம் உரிமத்தில்.

வெள்ளாறு உடைந்தது

லிப்ரெஆஃபீஸில் பக்க அமைப்பு கலைந்துதான் வந்தது. படங்கள் இடம் மாறியிருந்தன. பரவாயில்லை, எழுத்து முழுசாக வந்தது, ஆங்கிலக் குப்பையாக. பழைய குறியீடுகளை யுனிகோடுக்கு மாற்ற ஏற்கெனவே நிறைய வழி இருக்கு. இணையத்திலேயே சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி பலருக்கும் தெரியும். நிரல் எழுதுபவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகம் இருக்கு. பல பழைய குறியீடுகளை அது மாற்றித் தரும். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். மாமாவின் எழுத்துரு எதிலும் சிக்கவில்லை.

நல்ல வேளை, எழுத்துருக் கோப்பு மட்டும் அந்த டிஸ்க்கில் விண்டோஸின் எழுத்துரு அடைவில் கிடந்தது. அதை ஃபான்ட்ஃபோர்ஜில் (இதுவும் கட்டற்ற மென்பொருள்தான்) திறந்தால் எந்த இடத்தில் என்ன வடிவம் என்று கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒரு ராத்திரி உட்கார்ந்து கிட்டத்தட்ட 190 இடங்களை ஒரு அட்டவணையாக எழுதினேன். அட்டவணையைப் பார்த்து மாற்று என்று சின்னதாக ஒரு பைத்தான் நிரல். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் அத்தியாயத்தைத் திறந்தால் எங்க ஊர் ஆறே உடைந்து வந்திருந்தது. வெள்ளாறு என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் முதல் எழுத்து "வௌ" ஆகி, புள்ளி அந்தரத்தில் தொங்கியது. "தெளிவு" என்ற சொல்லே தெளிவில்லாமல் "தௌ" என்று ஆரம்பித்தது. காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது.

பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்தைச் சேமிக்கும். "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடு உச்சரிக்கிற வரிசையில் சேமிக்கும். முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கி க-வுக்குப் பின்னால் வைக்கணும். இதை மாற்றி வைப்பது சுலபம். சிக்கல் "கௌ" போன்ற எழுத்துகளில். இடத்தை மிச்சப்படுத்த, ஔகாரத்தின் பின்பாதிக்கும் "ள" எழுத்துக்கும் ஒரே துண்டையே பயன்படுத்தினார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கு? ஆகவே கொம்பு, வ, ள என்று வந்தால் அது "வௌ"வா, "வெள"வா என்று அந்தக் கோப்புக்கே தெரியாது. படிக்கிற மனுஷனுக்குத்தான் தெரியும்.

விதி எழுதினேன். அந்த ள-வுக்குப் பின்னால் புள்ளியோ காலோ கொக்கியோ வந்தால் அது ள. ஒன்றும் வராவிட்டால் பெரும்பாலும் ஔ. "வெள்ளாறு", "தெளிவு" இரண்டும் சரியாகிவிட்டன. "மௌனம்", "பௌர்ணமி" கெடவில்லை. "வெளவெள" மாதிரி ஒன்றிரண்டு சொற்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தணும். இதே மாதிரி இன்னொன்று: "ர்" அடிக்கும்போது மாமா பல இடங்களில் காலை அடித்துப் புள்ளி வைத்திருந்தார். அச்சில் அதுதான் அழகாக இருக்குமாம். காலுக்கு மேல் புள்ளி வந்தால் அது ர் என்று இன்னொரு விதி. இப்படி 14 விதிகள் ஆயின. ஒவ்வொரு விதியும் பழைய டி.டி.பி. காரர் ஒருத்தரின் கைப்பழக்கம்.

கெட்டுப்போன 2 அத்தியாயங்களுக்கு வேறு வழி. அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து டெசராக்டில் ஓட்டினேன். டெசராக்ட் முதலில் எச்.பி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1980-களில் உருவானது. அவர்கள் கைவிட்டு, பிறகு 2005-ல் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். அடுத்து கூகுள் வளர்த்தது. இப்போது தமிழ் அச்சை நன்றாகவே படிக்கிறது. ன, ண குழப்பமும் விட்டுப்போன புள்ளிகளும்தான் தொல்லை. நிரல் வழியில் மாற்றிய 9 அத்தியாயங்களோடு ஒப்பிட்டால் இந்த 2-க்குத்தான் புரூஃப் அதிகம் பார்க்க வேண்டியிருந்தது. பழைய கோப்பு கிடைத்தால் ஸ்கேன் செய்வதற்கு முன் அதை முயன்று பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

18 பாயின்ட்டில் பெரிசாக அச்செடுத்து வாத்தியாரிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "யானைல பழைய னை போட முடியாதா தம்பி? தும்பிக்கையை எடுத்துட்டீங்களே" என்றார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் "னை" எழுத்துக்குத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். தூங்கானை மாடத்து ஊர்க்காரருக்கு அது உறுத்தாமல் இருக்குமா? பழைய முறையில் என்றால் மறுபடி முழுசாக அடிக்கணும். யுனிகோடு எழுத்தைச் சேமிக்கிறது, வடிவத்தை அல்ல. வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. பழைய வடிவம் காட்டும் எழுத்துரு ஒன்றைப் போட்டதும் புத்தகம் முழுக்க யானைகளுக்குத் தும்பிக்கை முளைத்தது, ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றாமல். பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, "வேணாம், பசங்களுக்குப் படிக்க வராது" என்று அவரே புது வடிவத்துக்கு வந்துவிட்டார்.

இலவசம் என்பது நம்மூரில் ஒரு வாதமே இல்லை

கட்டற்ற மென்பொருளுக்காகப் பேசுகிறவர்கள் (நானும்தான்) முதலில் எடுப்பது விலையை. "பைசா செலவில்லை, ஏன் காசு கொடுத்து வாங்கறீங்க?" இது நம்மூரில் ஏன் எடுபடவில்லை என்று மாமாதான் எனக்குப் புரியவைத்தார். "எதுடா காசு? தமிழ் சாஃப்ட்வேர் ஒண்ணுக்குத்தான் டாங்கிள் இருந்ததால காசு குடுத்தேன். மீதி எல்லாம் யாரோ குடுத்த சிடி" என்றார். எல்லாமே ஓசியில் கிடைக்கிற ஊரில் ஒன்று மட்டும் இலவசம் என்று சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அரசாங்கம் முயன்று பார்க்காமல் இல்லை. 2007 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசுக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் கொண்டுபோக முனைந்தார். 2011-ல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். எங்க தெருவில் நான் பார்த்த வரை பசங்க செய்த முதல் வேலை பாஸை அழித்து, படம் வைக்க இடம் பிடித்ததுதான். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எதற்காக அது இருக்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முன்பெல்லாம் நானும் "விண்டோஸை விடு, லினக்ஸுக்கு வா" என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. எந்த மென்பொருளில் எழுதுகிறீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. எழுதியது எந்த வடிவத்தில் கிடக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மாமா விண்டோஸிலேயே, பேஜ்மேக்கரிலேயே வேலை பார்த்திருந்தாலும், குறியீட்டு அட்டவணை வெளியே கிடைக்கும் ஒரு எழுத்துருவில் அடித்திருந்தால் என் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். மாமா மேலும் தப்பில்லை. 2003-ல் பேஜ்மேக்கருக்குள் யுனிகோடு வராது. அச்சகம் கேட்டது அதைத்தான். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிவிடணும். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் பல வருஷமாக இருக்கு. ஆனால் தமிழ் எழுத்தை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டும் வசதி அதன் சோதனைப் பதிப்பில் வந்ததே 2017 வாக்கில்தான். அந்த வசதியோடு நிலையான பதிப்பு 1.6 வந்தது 2024-ல். அதுவரை தமிழ்ப் புத்தகம் போடுகிறவரிடம் "ஸ்கிரைபஸுக்கு வாருங்கள்" என்று சொல்லியிருந்தால் அது அநியாயம். வயிற்றுப்பாட்டுக்குக் கடை நடத்துகிறவர் கொள்கைக்காகக் கொம்பும் காலும் பிரிந்த பத்திரிகையை அடித்துக் கொடுக்க முடியாது. அதேபோல, பெரிய நிறுவனம் என்றாலே ஆகாது என்பதும் இல்லை. வாத்தியார் புத்தகத்துக்கு நான் போட்டது நோட்டோ செரிஃப் தமிழ். கூகுள் வெளியிட்டதுதான், ஆனால் திறந்த உரிமத்தில். நாளைக்குக் கூகுளே வேண்டாம் என்றாலும் அந்த எழுத்துருவை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

இன்றைய டாங்கிள்

"அதெல்லாம் பழைய கதை, இப்பதான் எல்லாம் யுனிகோடு ஆச்சே" என்று தோன்றலாம். எழுத்துக் குறியீடு தீர்ந்துவிட்டது, உண்மை. பூட்டு வேறு இடத்துக்குப் போயிருக்கு. முன்பு பிரிண்டர் போர்ட்டில் இருந்த டாங்கிள் இப்போது உங்கள் கணக்கின் கடவுச்சொல். மாசச் சந்தா கட்டினால்தான் நீங்கள் செய்த வேலையே உங்களுக்குத் திறக்கும் என்ற நிலை. கோப்பு உங்கள் டிஸ்க்கில்கூட இருக்காது. மாமாவின் டிஸ்க்காவது அலமாரியில் 10 வருஷம் கிடந்து என் கைக்கு வந்தது.

யாஹூ குழுமங்களை நினைத்துப் பாருங்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று இணையத் தமிழின் ஆரம்ப கால உரையாடல்கள் அங்கேதான் நடந்தன. யாஹூ அதை 2020-ல் முழுசாக மூடிவிட்டது. முன்கூட்டி யாரோ எடுத்து வைத்தது மட்டும் மிச்சம். யாரும் திருடவில்லை, யாரும் சதி செய்யவில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கில் அது லாபமில்லை, அவ்வளவுதான்.

அதனால் புதுசாக எதையாவது பயன்படுத்த ஆரம்பிக்கும்போது நான் இப்போது செய்வது இது. முதல் நாளே ஒரு பக்கம் எழுதி, அதை வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்கிறேன். திறந்தால் தொடர்கிறேன். அந்த நிறுவனம் நாளைக்கு இல்லை என்றால் இந்த வடிவத்தைப் படிக்க வேறு யாருக்காவது தெரியுமா என்று பார்க்கிறேன். முக்கியமான எதையும் வெறும் உரைக் கோப்பாகவும் ஒரு பிரதி வைக்கிறேன். அழகு இருக்காது, ஆனால் வெறும் யுனிகோடு உரை எந்தக் கணினியிலும் திறக்கும். நிறுவனம் பெரிசா, மென்பொருள் அழகா, எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் இதற்குப் பிறகு.

இதில் உதவி வேண்டுமென்றால் நம் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு நடக்கிறது. 2012 முதல் கணியம் தமிழிலேயே இதையெல்லாம் எழுதி வருகிறது. நான் எழுதிய 14 விதிகளையும் அட்டவணையையும் திறந்த உரிமத்தில் போடப் போகிறேன். அந்தக் காலத்தில் அதே மென்பொருளை வாங்கிய டி.டி.பி. கடைகள் இன்னும் எத்தனையோ இருக்கும். அவர்கள் டிஸ்க்குகளில் எத்தனை வாத்தியார்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

புத்தகம் விருத்தாசலத்தில் அச்சுக்குப் போயிருக்கு. லிப்ரெஆஃபீஸிலேயே பக்கம் அமைத்து பி.டி.எஃப். ஆகக் கொடுத்தேன், அச்சகத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியார் மொத்தம் 61 திருத்தம் சொன்னார். எல்லாவற்றுக்கும் முதலில் சொன்னது நன்றியுரைத் திருத்தம். பெயரை அவரே அடிக்கணும் என்றார். மடிக்கணினியை முன்னால் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நான் சாவியைக் காட்ட, ஒற்றை விரலால் அடித்தார். அஞ்சு நிமிஷம் ஆச்சு. அடித்து முடித்துவிட்டு, "இது இனி அழியாதுல்ல?" என்று கேட்டார்.

அழியாது என்று சத்தியம் செய்ய எந்த மென்பொருளாலும் முடியாது. "நாலு இடத்துல வச்சிருக்கேன் ஐயா, யாரு வேணா தொறக்கலாம்" என்றேன்.